பாசறையின் பகல் பொழுதுகள்

போர்முனையில் நிறுத்தப்பட்ட சிப்பாய்களின் அன்றாடத்தைக் காட்டும் ஆவணப்படங்களைச் சில ஆண்டுகளாகத் தேடிப் பிடித்துப் பார்த்து வருகிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை மண் வெட்டும் காட்சிகள். 2010இல் வெளிவந்த 'ரெஸ்ட்ரெப்போ' படத்தில், ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்துக் கோரெங்கல் பள்ளத்தாக்கில், மலை முகடு ஒன்றில் அமெரிக்கச் சிப்பாய்கள் இருட்டோடு ஏறிப்போய்க் காவல் அரண் கட்டுகிறார்கள். பாறையைக் கொத்திப் பெயர்க்கிறார்கள். பெயர்த்ததை மூட்டையாகக் கட்டி அடுக்குகிறார்கள். எதிர்ச் சரிவிலிருந்து சுடத் தொடங்கினால் பிக்காசைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி பிக்காசு. கரட்டு நிலத்தில் வெடி வைத்தும் கடப்பாரை போட்டும் கிணறு இறக்கிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, அந்தத் தோள்களைப் பார்த்தாலே அது எவ்வளவு நேர வேலை என்பது புரிந்துவிடும். போர் என்பது பெரும்பாலும் இந்த மாதிரி உடல் வேலையும், அந்த வேலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் காத்திருப்பும்தான் என்பதை எந்தப் படம் மறைக்காமல் காட்டுகிறதோ அதைத்தான் நான் நம்புகிறேன். நம்புவதற்கு இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறேன். அது ஒரு மாட்டைப் பற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

'ரெஸ்ட்ரெப்போ'வை எடுத்தவர்கள் இருவர்: செபாஸ்டியன் ஜங்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர், டிம் ஹெதரிங்டன் என்ற பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர். அமெரிக்க ராணுவத்தின் 173ஆவது வான்வழிப் படையணியைச் சேர்ந்த ஒரு பிளாட்டூன், அதாவது ஒரு சிறு படைக்குழு, 2007 மே மாதம் தொடங்கிப் பதினைந்து மாதங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. இவர்கள் அந்தக் காலத்தில் மாறி மாறிப் போய் அவர்களோடு தங்கிப் படம் பிடித்தார்கள். தொடக்கத்திலேயே கொல்லப்பட்ட இருபது வயது மருத்துவ உதவியாளர் ஒருவரின் குடும்பப் பெயர்தான் அந்த அரணுக்கும் பிறகு படத்துக்கும் பெயரானது. படத்தில் பின்னணிக் குரல் கிடையாது. போர் ஏன் தொடங்கியது, யார் பக்கம் நியாயம், ஜெயித்தது யார் என்று எடுத்துச் சொல்ல எந்த நிபுணரும் வருவதில்லை. சிப்பாய்களே பேசுகிறார்கள், மலையில் பேசியதை விட, ஊர் திரும்பும் வழியில் இத்தாலியில் உள்ள தங்கள் முகாமில், கறுப்புத் திரைக்கு முன்னால் அருகிலிருந்து எடுக்கப்பட்ட பேட்டிகளில் அதிகம் பேசுகிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக் கண்ணை எங்கோ திருப்பும்போது, வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அதே ஹெதரிங்டன், அதே அரணில், தூங்கும் சிப்பாய்களைத் தனித்தனியே படம் எடுத்து ஒரு வரிசையாக வெளியிட்டார். கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுருண்டு படுத்திருக்கும் அந்த உடல்களைப் பார்த்தால், எல்லோருமே கல்லூரி விடுதிப் பையன்களாகத் தெரிகிறார்கள். அவர் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் குண்டு பட்டு இறந்தார். 

இந்தப் படங்களை நான் தனியாகப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தாய்மாமன் வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். ராணுவத்தின் சப்ளைப் பிரிவில், அவர்கள் ஏ.எஸ்.சி. என்று சொல்லும் படைப்பிரிவில், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்ககிரியில் கிளீனராகச் சேர்ந்து ஸ்டியரிங் பழகி, அங்கிருந்து கோயம்புத்தூர் ஆள் எடுப்புக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். லாரித் தொழில் தெரிந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பட்டாளத்துக்குப் போனால் பெரும்பாலும் வண்டியில்தான் உட்கார வைப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது அவர் ஸ்ரீநகருக்கும் திராஸுக்கும் இடையே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில்தான் எங்கள் ஊர் வீடுகளுக்குள் முதன்முதலாகப் போர் தொலைக்காட்சி வழியாக வந்தது. போஃபர்ஸ் பீரங்கிகள் பின்னால் உதைத்து எழும்புவதையும், செய்தியாளர்கள் தலைக்கவசத்தோடு குனிந்து பேசுவதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நம் படையினர் 527 பேர் உயிரிழந்த அந்தச் சண்டையில், லாரிகளைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. முகடுகளைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்குக் கீழே போகும் லே நெடுஞ்சாலை கைக்கெட்டும் இலக்காகத் தெரிந்ததால், சரக்கு வண்டிகள் இரவில், முகப்பு விளக்கு இல்லாமல் போயின.

"லைட்டப் போட்டா மேல இருந்து குண்டு விழும் மாப்ளே, போடாட்டி நாம பள்ளத்துல விழுவோம்" என்று மாமா அதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். மேற்கொண்டு கேட்டால், வெங்காய விலைக்குப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆகவே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டுவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். 'ரெஸ்ட்ரெப்போ' பார்க்கும்போது அவர் சண்டைக் காட்சிகளில் ஒன்றும் பேசவில்லை. சிப்பாய்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து ஆடும் இடத்தில் சிரித்தார். பாதிப் படத்தில் குறுக்கிட்டு, "ஏம் மாப்ளே, இவனுங்களுக்குத் தண்ணி யாரு கொண்டாறாங்க? மண்ணெண்ணெ எப்படி மேல வருது? அதக் காட்டவே இல்லையே" என்றார். அது சரியான கேள்வி. மலை உச்சியில் இருபது பேர் உட்கார்ந்திருக்க வேண்டுமானால், கீழே எத்தனை பேர் ஏற்றி இறக்க வேண்டும் என்பது லாரிக்காரர்களுக்குத்தான் முதலில் தோன்றும். ஆவணப்படக் கேமராக்கள் துப்பாக்கி பிடித்தவனோடு மேலேறிப் போய்விடுகின்றன. மூட்டை சுமந்தவன் சட்டகத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறான். உண்மையில் நம் நாட்டின் மிகக் கடினமான பாசறையில், 1984 ஏப்ரலில் 'மேகதூத்' நடவடிக்கை மூலம் நம் படைகள் ஏறி அமர்ந்த சியாச்சினில், எதிரியின் குண்டால் இறந்தவர்களை விடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்களே அதிகம். அங்கே நாள் என்பது மண்ணெண்ணெய் அடுப்பும், பனி உருக்கிய தண்ணீரும், கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பதும்தான். 2016 பிப்ரவரியில் சோனம் காவல் முனையின் மீது பனிப்பாளம் சரிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டபோது, அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி சில நாள்கள் ஓடியது. அதற்கு முந்தைய நாள் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள் என்பதைச் சொல்ல எந்தக் கேமராவும் அங்கே இருக்கவில்லை.

வேலையையும் காத்திருப்பையும் நன்றாகக் காட்டிய படம் என்று பழைய காலத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், பிரெஞ்சு இயக்குநர் பியர் ஷோண்டோர்ஃபர் 1966இல் வியட்நாமில் எடுத்த 'ஆண்டர்சன் பிளாட்டூன்' படத்தைச் சொல்வேன். மழையில் நனைந்து நடப்பது, பொட்டலத்தைப் பிரித்துத் தின்பது, நகரத்துக்கு விடுமுறையில் போன சிப்பாய் என்ன செய்வதென்று தெரியாமல் திரிவது என்று அது நகரும். அவரே முன்னாள் போர்க்களக் கேமராக்காரர். 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் நடந்த சண்டையில் பிடிபட்டுக் கைதியாக இருந்தவர். களைப்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர் எடுத்த படம் என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. பீட்டர் ஜாக்சன் 2018இல் முதல் உலகப் போரின் பழைய சுருள்களுக்கு வண்ணம் பூசி, வேகத்தைச் சீர்செய்து, முன்னாள் வீரர்களின் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து ஆக்கிய படத்திலும், எனக்குத் தங்கியவை இயந்திரத் துப்பாக்கியைக் குளிர்விக்கும் வெந்நீரில் தேநீர் போட்டதும் பேன் நசுக்கியதும் பற்றிய பேச்சுகளே. வண்ணம் பூசியது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. அந்தப் புல் அப்படிப் பச்சையாகத்தான் இருந்ததா என்ற சந்தேகம் கடைசி வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாசறையின் அன்றாடத்தைச் சொல்வது நமக்குப் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சிறிய பாட்டு. அதில் நப்பூதனார் ஒரு போர்க்களத்தைக் கூடப் பாடவில்லை. காட்டுக்குள் அமைத்த பாசறையைத்தான் பாடுகிறார். வேலியிட்ட முறை, யானைக்குத் தீனி கொடுக்கும் பாகன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் பெண்கள், தூக்கத்தில் ஆடியாடி நடக்கும் காவலர், நாழிகை சொல்லுபவர்கள், சட்டை அணிந்த யவனர் எல்லாம் வரிசையாக வருகிறார்கள். நடுவே தூக்கம் வராமல் அரசன் கிடக்கிறான். அவன் நினைவெல்லாம், புண்பட்ட வேதனையில் தன் பிடிகளை மறந்துவிட்ட களிற்றையும், அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் காது சாய்த்து நிற்கும் குதிரையையும் சுற்றுகிறது. வீட்டில் ஒருத்தி காத்திருப்பது பாட்டின் மறுபாதி. காயப்பட்ட விலங்கை நினைத்து அரசன் விழித்திருப்பதாக எழுதிய புலவனுக்கு, பாசறை என்பது என்னவென்று தெரிந்திருக்கிறது.

இனி மாட்டைப் பற்றி.

'ரெஸ்ட்ரெப்போ'வில் அரணைச் சுற்றிப் போட்ட சுருள் முள்கம்பியில் ஒரு மாடு சிக்கிக்கொள்கிறது. சிப்பாய்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். டப்பா உணவு தின்று அலுத்தவர்கள் என்பதால் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டது எவ்வளவு ருசி என்று மகிழ்ச்சியாகச் சொல்லவும் செய்கிறார்கள். பிறகு பள்ளத்தாக்கிலிருந்து தாடி வைத்த பெரியவர்கள் சிலர் மலையேறி வருகிறார்கள். மாட்டுக்குப் பணம் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிற்கிறார். வானொலியில் கீழே கேட்கப்படுகிறது. பணம் கிடையாது, மாட்டின் எடைக்கு ஈடாக அரிசியும் பயறும் சர்க்கரையும் தருகிறோம் என்று பதில் வருகிறது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இறங்கிப் போய்விடுகிறார்கள்.

மாமா எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். "எடைக்கு எடை அரிசி குடுக்கறதுக்கு அது என்ன கறிக்கடை மாடா? சினையா, கறவையா, எத்தன பல்லு? ஒண்ணாச்சும் கேட்டானுங்களா?"

கேட்கவில்லைதான். கேமராவும் கேட்கவில்லை. காங்கயம் மாடு வளர்க்கும் ஊர்களில் மாட்டின் விலை என்பது எடையோடு தொடர்பே இல்லாதது. கண்ணபுரம் தேர்த்திருவிழாவின்போது கூடும் மாட்டுச் சந்தையில் வாங்க வருபவர் முதலில் தள்ளி நின்று நடையைப் பார்ப்பார். பிறகு கிட்டே வந்து உதட்டை விரித்துப் பல் எண்ணுவார். சுழி எங்கெங்கே இருக்கிறது என்று முதுகையும் நெற்றியையும் தடவுவார். கொம்பின் விரிவையும் திமிலையும் அளப்பார். கடைசியில் தரகரும் அவரும் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்தும் விட்டும் விலை பேசுவார்கள். அங்கே யாராவது தராசைக் கொண்டு வந்தால் சண்டைதான் வரும். மேய்ச்சலுக்கும் ஒரு முறை இருக்கிறது. கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும்; உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும்; காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், ஆள் நின்று பார்க்க வேண்டியதில்லை. கோரெங்கல் மலைக்காரர்களும் அப்படி ஏதோ ஒரு நம்பிக்கையில்தான் மாட்டை அவிழ்த்து விட்டிருப்பார்கள். நேற்று வரை வெறும் புல்லாக இருந்த சரிவில், இன்றைக்குச் சுருள் கம்பி கிடக்கிறது. அந்தக் கம்பியைப் போட்டவர்களிடமே வந்து நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது.

என் இரண்டாவது நிபந்தனை இதுதான்: கம்பிக்கு வெளியே இருப்பவர்களைப் படம் எவ்வளவு நேரம் பார்க்கிறது? 'ரெஸ்ட்ரெப்போ' அவர்களை மிகக் குறைவாகவே பார்க்கிறது. ராக் அவலாஞ்ச் என்ற நடவடிக்கையில் குண்டுவீச்சுக்குப் பிறகு, அடிபட்ட ஊர்க்காரர்களின், குழந்தைகளின் முகங்கள் சற்று நேரம் வந்து மறைகின்றன. கம்பெனித் தளபதி ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசும் காட்சிகள் சில வருகின்றன. மற்றபடி, சுடுபவர்களும் சுடப்படுபவர்களுமாகிய பள்ளத்தாக்கு மக்கள் எதிர்ச் சரிவில் எழும் புகையாக மட்டுமே இருக்கிறார்கள். சிப்பாயின் அனுபவத்தை மட்டும் காட்டுவது என்று இயக்குநர்கள் வேண்டுமென்றே முடிவு செய்ததன் விளைவு இது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. சிப்பாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதே அதில் உள்ள செய்தி. ஆனால் அந்த முடிவையும் மீறி ஒரு மாடு உள்ளே நுழைந்து, படத்தின் எந்தச் சண்டையும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கை ஏன் வசப்படுத்த முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு, அரிசி மூட்டைக் காட்சி ஒன்றே போதுமான விடை என்று நான் நினைக்கிறேன். 2010 ஏப்ரலில் அமெரிக்கப் படை அந்தப் பள்ளத்தாக்கை விட்டே இறங்கிவிட்டது.

தமிழ் இலக்கணம் போரை மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் முதல் திணை வெட்சி. வெட்சி என்பது பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது. அதை மீட்கப் போவது கரந்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கங்களில் நிற்கும் நடுகற்களில், தொறு மீட்டுப் பட்டவர்கள், அதாவது மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவர்கள், எத்தனையோ பேர். நம் கொங்கு ஊர்களில் பட்டியைக் காக்கப் புலியோடு மோதியவர்களுக்குப் புலிக்குத்திக் கல் வைத்திருக்கிறார்கள். இன்னும் பல ஊர்களில் அவற்றுக்குப் பூசை உண்டு. மாட்டுக்காக ஆள் சாவான் என்பது இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத செய்தி. கோரெங்கலிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதை அங்கே போன அதிகாரிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

'ரெஸ்ட்ரெப்போ' வந்த அதே 2010இல் வந்த டென்மார்க் படமான 'ஆர்மடில்லோ' இந்த நிபந்தனையில் கொஞ்சம் மேல். யானுஸ் மெட்ஸ் இயக்கியது. ஹெல்மண்ட் மாகாணத்தில் உள்ள முகாம் ஒன்றுக்குப் போகும் டேனிஷ் இளைஞர்களை வீட்டு வாசலிலிருந்தே பின்தொடர்கிறது. வயலும் கால்நடையும் பாழாவதாக ஊர்க்காரர்கள் வந்து முறையிடும்போது, கேமரா அவர்கள் முகத்தில் நிற்கிறது. நீங்கள் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேதானே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய பதிலைச் சிப்பாய்களால் எதிர்கொள்ள முடியவில்லை. படத்தின் பேர்போன பகுதி வேறு: ஒரு வாய்க்காலுக்குள் தாலிபான் ஆட்கள் கொல்லப்பட்ட பிறகு, காயம்பட்டுக் கிடந்தவர்களைச் சுட்டார்களா என்ற கேள்வி எழுகிறது. அது வெளியே தெரிந்தது, சிப்பாய் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியதால். மற்றவர்களின் கோபம் நடந்ததன் மேல் போவதில்லை. வீட்டில் சொன்னவன் மேல் போகிறது. கான் திரைப்பட விழாவில் விமர்சகர் வாரத்தின் பெரும் பரிசு பெற்ற இந்தப் படம் டென்மார்க்கில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ராணுவ விசாரணை நடந்தது. விதிமீறல் இல்லை என்று முடிந்தது. எனக்கு ஒரு குறை உண்டு. கதைப்படம் போல இசையும் வண்ணமும் அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன. சில இடங்களில், இது உண்மையிலேயே நடந்ததுதானா என்று நமக்கே மறந்துபோகிறது.

கேமராவை உள்ளே விட்டவர் யார் என்ற கேள்வி, இந்தப் படங்கள் தொடங்கிய நாளிலிருந்தே கூட வருகிறது. 1916இல் பிரிட்டனில் கோடிக்கணக்கானோர் திரையரங்குகளில் பார்த்த, முதல் உலகப் போரின் சோம் சண்டையைப் பற்றிய படத்தில், அகழியிலிருந்து ஏறி ஓடும் புகழ்பெற்ற காட்சி, நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்பது இன்று உறுதியான விஷயம். இரண்டாம் உலகப் போரில் ஜான் ஹஸ்டன் இத்தாலியில் எடுத்த 'சான் பியெத்ரோ' படத்திலும் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி, சண்டை ஓய்ந்த பிறகு சிப்பாய்களை வைத்து மீண்டும் எடுத்தவை. அப்படியிருந்தும், அந்தப் படம் போருக்கு எதிரானது என்று ராணுவ அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அடுத்து அவர் எடுத்த படத்தில் நடிப்பு கிடையாது. நியூயார்க் அருகே ஒரு ராணுவ மருத்துவமனையில், மனம் உடைந்து திரும்பியவர்களுக்கு நடந்த சிகிச்சையை அப்படியே படமாக்கினார். கை நடுங்குபவர், பேச்சு வராதவர், காலில் காயமே இல்லாமல் நடக்க முடியாதவர் என்று ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். 1946இல் முடிந்த அந்தப் படத்தை ராணுவம் பெட்டியில் வைத்துப் பூட்டியது. பொதுமக்கள் பார்க்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடித்துக் காட்டிய சண்டையை வெளியே விட்டவர்கள், நடிப்பில்லாத அழுகையைப் பூட்டி வைத்தார்கள்.

நம் நாட்டில் ராணுவத்தின் ஒத்துழைப்போடு தயாராகும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பயிற்சி உண்டு, ஆயுதம் உண்டு, அதிர அதிர இசை உண்டு, கம்பீரமான பின்னணிக் குரல் உண்டு. சிப்பாய் அலுத்துக்கொள்வதை அவற்றில் நான் பார்த்ததில்லை. ரகசியம் காக்க வேண்டிய நியாயம் ராணுவத்துக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலேயே அந்த ரகசியம் இருந்தது. மாமாவுக்கு எழுதும் கடிதத்தில் எண், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று மட்டுமே முகவரி எழுத வேண்டும். ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. அஸ்ஸாமில் இருந்தாலும் லடாக்கில் இருந்தாலும் முகவரி மாறாது. அம்முச்சி தபால்காரரிடம், "ஏனுங், இந்த அம்பத்தாறு எந்த ஊர்ப் பக்கமுங்க?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். அம்முச்சிக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமலே, அங்கே குளிருமா என்ற கவலையை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்திருக்கிறார். பத்தாண்டோ இருபதாண்டோ கழிந்த பிறகாவது அந்த நாள்களைக் காட்டுவதில் எந்த எல்லைப் பாதுகாப்பும் கெட்டுவிடாது என்பது என் கட்சி.

லீவில் வந்தவர்கள் எதையும் சொல்வதில்லை. கறுப்பு டிரங்குப் பெட்டி வரும், கேண்டீன் ரம் வரும், கம்பளி வரும். ஓய்வு பெற்ற பிறகு கோயம்புத்தூரில் மில் வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். வருவோர் போவோரின் வண்டி எண்ணை நோட்டில் எழுதும் அந்த மனிதர் எந்த மலையில் எத்தனை இரவு நின்றார் என்பது, கீழே வணக்கம் வைத்துவிட்டுப் போகும் யாருக்கும் தெரியாது. ஜங்கர் 2014இல் மிச்சமிருந்த காட்சிகளை வைத்து 'கோரெங்கல்' என்று இன்னொரு படம் செய்தார். அதில் திரும்பி வந்த இளைஞர்கள், அந்த மலைக்கே மறுபடி போக முடிந்தால் போய்விடுவோம் என்ற பொருளில் பேசுகிறார்கள். இதைக் கேட்டு மாமா ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "பின்ன? அங்க ஒருத்தன் தூங்குனா இன்னொருத்தன் முழிச்சிருப்பான். இங்க அப்படி யாரு இருக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினோம். படமெடுக்கும் வசதியும் அனுமதியும் நமக்கு இல்லை, குரல் இருக்கிறது. சண்டையைப் பற்றிக் கேட்கக் கூடாது, வண்டியைப் பற்றித்தான் சொல்வேன் என்று முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டும். டிப்போவில் எந்தச் சரக்கை அடியில் ஏற்ற வேண்டும், எதை மேலே ஏற்ற வேண்டும், கான்வாயில் முன் வண்டிக்கும் நம் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி, குளிரில் டீசல் இறுகிப்போனால் என்ன செய்வது, சோஜி லா கணவாய்க்குக் கீழே டயருக்குச் சங்கிலி கட்டும்போது கையுறையைக் கழற்றினால் விரல் என்ன ஆகும் என்று வரிசை மாறாமல் சொல்லி வருகிறார். பல சாயங்காலங்கள் ஆகியும் வண்டி இன்னும் கணவாயைத் தாண்டவில்லை. அவரோடு அதே சாலையில் ஓட்டிய ஈரோட்டுக்காரர் ஒருவரையும் அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேரும் சொல்வது ஒத்துப்போகவில்லையென்றால், ரெண்டையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய உத்தரவு.